பழக்கடைக்காரன் காய்ச்சிய பேரிக்காய்க் கூழ்

இந்த நாட்டுக்கு வந்து நான் பயபக்தியோடு ஷூவைக் கழற்றியது ஒரு பேரி மரத்துக்கு முன்னால்தான். ஷ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், அங்கேதான் என் மகள் வனிதாவின் வீடு. வீட்டிலிருந்து நடந்தால் ஒரு மேடு வரும், மேடு முழுக்கப் புல், புல்லுக்கு நடுவில் நாலைந்து மரம். அதில் ஒரு மரத்தின் இடுப்பில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. முடிச்சுப் போட்டு வாலைத் தொங்கவிட்டு, நம்ம ஊரில் வேண்டுதலுக்கு வேப்ப மரத்தில் கட்டுவார்களே, அச்சு அசல் அப்படியே. எனக்குத் திக்கென்று ஆகிவிட்டது. ஜெர்மன்காரன் நாட்டில் இப்படி ஒரு அம்மனா? மரம் கொள்ளாத காய். கீழேயும் கொட்டிக் கிடக்கிறது. ஒரு ஆள் எடுக்கவில்லை. எப்படி எடுப்பான்? நேர்ந்துவிட்ட மரத்தில் எவன் கை வைப்பான்? ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தாயே, கஸ்தூரி வாயைத் திறந்து நாலு வாய் சாப்பிட வேண்டும்" என்று வேண்டிக்கொண்டேன். கஸ்தூரி என் சம்சாரம். அவள் கதைக்குத்தான் வருகிறேன்.

வேண்டி முடித்துக் கண்ணைத் திறந்தால், பக்கத்து வீட்டு ஃப்ராவ் கெல்லர் கூடையோடு வருகிறாள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், நடை மட்டும் மிலிட்டரி நடை. வந்தவள் நேராக அந்த மரத்தில் கையை விட்டு ஒரு காயை முறுக்கிப் பறித்துக் கூடையில் போட்டாள். "ஐயோ, வேணாம்மா!" என்று கத்திவிட்டேன். இரண்டு கையையும் கூப்பி மரத்தைக் காட்டி, துணியைக் காட்டி, வானத்தைக் காட்டினேன். அவள் என் வெறுங்காலைப் பார்த்தாள், கூப்பிய கையைப் பார்த்தாள், முகம் இளகிவிட்டது. பசிக்குக் கேட்கிறான் என்று நினைத்துவிட்டாள்! "ஃப்ரை, ஃப்ரை!" என்று சொல்லிக்கொண்டே என் கைநிறையப் பேரிக்காயை அடுக்கினாள். மூன்று கடைக்கு முதலாளி நான், ஊர் பேர் தெரியாத மேட்டில் பிச்சைக்காரன் மாதிரி நின்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வனிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, அது சாமித் துணி இல்ல. மரத்துக்காரங்களே கட்டி வெச்சிருக்காங்க. எங்களால பறிக்க முடியல, யார் வேணா எடுத்துக்கலாம்னு அர்த்தம். அதான் அவங்க ஃப்ரைன்னு சொன்னாங்க, காசு வேணாம்னு." அம்மன் இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது. யார் வேண்டுமானாலுமா? காவல் கிடையாதா? விலை கிடையாதா? பேரிக்காயைத் துடைத்து, காம்பு மேலே தெரிய அடுக்கி, ஈ உட்காராமல் விசிறி, ஒவ்வொரு காய்க்கும் பேரம் பேசி விற்ற கை இது. இங்கே அது மாட்டுக்கும் இல்லாமல் மனுசனுக்கும் இல்லாமல் மண்ணில் கிடந்து குளவி தின்கிறது. அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்னைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும், வேறு யார் சொல்வார்கள்? ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மேற்குத் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் கூடையில் கொய்யாக்காய் வைத்துக் குந்தினேன். கூடை தள்ளுவண்டி ஆயிற்று, வண்டி கடை ஆயிற்று, ஒரு கடை மூன்று ஆயிற்று. தாம்பரத்தில் ஒன்று, குரோம்பேட்டையில் ஒன்று, பெருங்களத்தூரில் ஒன்று. பீர்க்கன்கரணையில் ஏரிக்காற்று வருகிற மாதிரி மாடி வீடு. பி.காம் படித்தவன் என் கல்லாவில் உட்கார்ந்து எனக்கு வேலை பார்த்தான். பழத்தைக் கையில் வாங்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். தர்பூசணியைத் தட்டினால் அது எனக்குப் பதில் சொல்லும். பேரிக்காய் மட்டும் கள்ளன், உள்ளே இருந்து பழுக்கும். தொப்பையைத் தொட்டுப் பார்க்கிறவன் ஏமாந்து போவான். கழுத்தை அழுத்திப் பார்க்க வேண்டும், காம்புக்குக் கீழே விரல் இறங்கினால் அன்றைக்கே வெட்டு. இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள்?

அப்படிப்பட்டவன் வீட்டில் என்ன பழக்கம் என்றால், நல்ல பழம் வீட்டுக்குப் போகாது. எங்கள் தொழிலில் எல்லார் வீட்டிலும் அதுதான். ராத்திரி கடை சாத்தும்போது அடிபட்டது, ஒரு பக்கம் கன்றியது, மறுநாள் தாங்காதது, இதையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோவேன். கஸ்தூரி உட்கார்ந்து கத்தியால் கன்றியதைச் செதுக்கித் தள்ளிவிட்டு, நல்ல பாகத்தைப் பிள்ளைகள் தட்டில் வைப்பாள். எனக்கு ஒரு கிண்ணம். "நீ?" என்றால், "எனக்குப் பழமே புடிக்காதுங்க, பல்லு கூசும்" என்பாள். இதை நான் கடையில் வாடிக்கைக்காரர்களிடம் வேடிக்கையாகச் சொல்வேன். "பழக்கடைக்காரன் பொண்டாட்டிக்குப் பழம் புடிக்காது சார், எவ்வளவு லாபம் பாருங்க!" எல்லாரும் சிரிப்பார்கள். நான் இன்னும் பலமாகச் சிரிப்பேன்.

வனிதா காகிதமெல்லாம் போட்டு எங்களை இங்கே கூப்பிட்டுக்கொண்டாள். கடைகளைத் தம்பி ஏழுமலையிடம் விட்டுவிட்டு வந்தோம். வந்த நாலாம் மாதம் கஸ்தூரிக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. கை போயிற்று, கால் போயிற்று, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள், குறை சொல்ல மாட்டேன். கால் கொஞ்சம் திரும்பியது. வாயில் ஒரு வார்த்தை, அரை வார்த்தை வந்தது. ஆனால் சாப்பாடு? விழுங்கப் பழக்கிவிடுவதற்கென்றே ஒரு பெண் வீட்டுக்கு வருகிறாள். லோகோபேடின் என்று அந்த வேலைக்குப் பெயர். விழுங்குவதற்கு ஒரு வாத்தியாரம்மா இருப்பாள் என்று தாம்பரத்தில் சொன்னால் என்னைப் பைத்தியம் என்பார்கள். தண்ணியாகக் கொடுத்தால் புரையேறும், கட்டியாகக் கொடுத்தால் அடைக்கும், மழமழவென்று கெட்டியாக, அரை ஸ்பூன், நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையைக் கீழே இறக்கி என்று அவள் பாடம் எடுத்தாள். உருளைக்கிழங்கு மசியலைக் கஸ்தூரி துப்பினாள். ஓட்ஸைப் பார்த்து முகத்தைத் திருப்பினாள். வனிதா ரசம் சாதத்தைக் கெட்டியாக அரைத்துக் கொடுத்தாள், அதுவும் வேண்டாம். உடம்பு வாரா வாரம் இறங்கியது. வெள்ளிக்கிழமை எடை பார்க்கும்போதும் இறங்கியிருந்தால் வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டுக் கஸ்தூரி இடது கையால் என் சட்டையைப் பிடித்த பிடி இருக்கிறதே, பித்தான் தெறித்துவிட்டது. வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். லோகோபேடின் போகும்போது வனிதாவிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனாள்: உங்கள் அம்மாவுக்கு விழுங்கத் தெம்பு வந்துவிட்டது, விழுங்க மனசுதான் வரவில்லை.

ஃப்ராவ் கெல்லருக்கு இது எப்படியோ தெரிந்திருக்கிறது. திங்கட்கிழமை காலை கூடையோடும், கைப்பிடி சுற்றுகிற ஒரு சல்லடையோடும் கதவைத் தட்டினாள். "பிர்னென்மூஸ்!" என்றாள், ஏதோ மருந்தின் பெயர் மாதிரி. பேரிக்காய்க் கூழ். பல் முளைக்காத குழந்தைக்கும், பல் போன கிழவருக்கும் இங்கே அதைத்தான் கொடுப்பார்களாம். வனிதா தமிழில் மாற்றிச் சொன்ன செய்முறையைக் கேட்டு அசந்து போனேன். தோல் சீவு, நடுக்கொட்டையை எடு, துண்டு போடு, கால் டம்ளர் தண்ணீர், ஒரு துண்டு பட்டை, மூடி போட்டுச் சின்னத் தீயில் வை. குழைந்ததும் எலுமிச்சை பிழிந்து சல்லடையில் சுற்று. தீர்ந்தது. சர்க்கரை கிடையாது, நெய் கிடையாது, ஏலக்காய் கிடையாது. தாளிக்கவாவது வேண்டாமா? ஐம்பது வருசம் பழத்தோடு புரண்டவன் நான், பழத்தை அடுப்பில் ஏற்றலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அடுப்பில் எதையுமே நான் ஏற்றியதில்லை என்பது வேறு விஷயம்.

அவள் சொல்லிவிட்டுப் போனாள். நான் மேட்டுக்குப் போய் இரண்டு பை நிறையப் பறித்தும் பொறுக்கியும் வந்தேன். சமையலறைத் தரையில் பேப்பரை விரித்து உட்கார்ந்தேன். கை தானாக ரகம் பிரிக்க ஆரம்பித்துவிட்டது. எத்தனை நாளாயிற்று! காயைச் சுழற்றி ஒரு பார்வை, கழுத்தில் ஒரு அழுத்து. முதல் ரகம் இந்தப் பக்கம், அடிபட்டது அந்தப் பக்கம். கஸ்தூரி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்தியா கஸ்தூரி, கை மறக்கல!" என்றேன். முதல் ரகத்தைத் துடைத்து, காம்பு மேலே தெரிய அழகாகக் கூடையில் அடுக்கி வாசல் பக்கம் வைத்தேன். அடிபட்டதைச் செதுக்கித் துண்டு போட்டேன். இதில் தப்பு ஒன்றும் இல்லை, ஃப்ராவ் கெல்லரே கீழே விழுந்ததையும் போடலாம் என்றுதான் சொல்லியிருந்தாள். வெந்தது, குழைந்தது, சல்லடையில் சுற்றினேன். பேரிக்காயில் மணல் மாதிரி ஒரு நறநறப்பு இருக்கும், அதெல்லாம் சல்லடையிலேயே நின்றுவிட்டது. தண்ணீர் விட்டுக்கொண்டு பிரிந்ததால் மறுபடி அடுப்பில் வைத்துச் சுண்டவைத்தேன். தேன் நிறத்தில், கரண்டியிலிருந்து சொட்டாமல் நின்றது. ருசி பார்க்க வந்த ஃப்ராவ் கெல்லர் "ஸேர் கூட்!", ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்று என் முதுகில் ஒரு அடி போட்டாள். நான் எதைச் செய்தாலும் அப்படித்தான், முதல் தடவையிலேயே வந்துவிடும்.

கிண்ணத்தில் ஆறவைத்து, நிமிர்த்தி உட்காரவைத்து, அரை ஸ்பூன் எடுத்தேன்.

"கஸ்தூரி, வாயத் தொற. சூடு இல்ல."

உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"நானே செஞ்சதும்மா. உனக்கோசரம் அடுப்பு முன்னாடி நின்னேன். ஒரு வாய்."

இடது கையைத் தூக்கி வாசல் பக்கம் இருந்த கூடையைக் காட்டினாள். "அது?"

"அதுவா? அது குடுக்கறதுக்கு. பக்கத்து வூட்டம்மாவுக்குப் பாதி, மாப்பிள்ளை ஆபீசுக்குப் பாதி. முதல் ரகம் ஆச்சே!"

கிண்ணத்தைக் காட்டினாள். "இது?"

"இது வூட்டுக்கு" என்றேன்.

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. வாய் கோணிக்கொண்டு, நாக்கைத் தேடித் தேடி, ஒவ்வொரு வார்த்தையாகத் தூக்கி வைத்தாள். "எனக்கு... பழம்... புடிக்கும்."

உள்ளறையில் கம்ப்யூட்டரில் வேலை செய்துகொண்டிருந்த வனிதா பாய்ந்து வந்தாள். "அம்மா பேசிச்சா? மூணு வார்த்தை சேர்ந்து பேசிச்சா?" என்று கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள், அழுதாள். ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும் என்று போனைத் தேடினாள். நான் ஸ்பூனோடு உட்கார்ந்திருந்தேன். என் தலையில் யாரோ பெட்டியை இறக்கிய மாதிரி இருந்தது.

"வனிதா, அம்மாவுக்குப் பழம் புடிக்குமா?"

அவள் என்னைப் பார்த்தாள். "எல்லாருக்கும் தெரியும்பா."

"யாருக்கு எல்லாருக்கும்?"

"எனக்கு, என் தம்பிக்கு, சித்திக்கு. நீங்க கடைக்குப் போனப்புறம் செதுக்கின தோலையே தின்னும்."

"நான் என்ன தடுத்தனா? கடையே அவளோடதுதானே! எந்தப் பழத்த எடுத்தாலும் நான் ஏன்னு கேட்டிருப்பனா?"

"தடுக்கலப்பா" என்றாள் வனிதா. "எடுத்துக் குடுக்கவும் இல்ல."

நான் பேச்சில் தோற்றவன் இல்லை. கோயம்பேட்டில் என்னிடம் வாய் கொடுத்துத் தப்பியவன் கிடையாது. அன்றைக்கு ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டுவிட்டேன். இந்த வனிதா பிறந்தபோது குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களெல்லாம் ஆப்பிளும் சாத்துக்குடியும் திராட்சையுமாகக் கொண்டு வந்து கட்டில் பக்கம் குவித்தார்கள். "நான் எங்க துன்னப் போறேன், கடைக்கு எடுத்துனு போங்க" என்றாள் கஸ்தூரி. எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளை பெற்றவள் தலைமாட்டிலிருந்து பழத்தை எடுத்துப்போய் அடுக்கி விற்றேன், சாமர்த்தியம் என்று பெருமையும் பட்டுக்கொண்டேன். வெளிநாட்டுப் பேரிக்காய் பெட்டியில் வரும், ஒவ்வொன்றையும் மெல்லிசுக் காகிதத்தில் சுற்றியிருப்பான். அந்தக் காகிதத்தைக் கஸ்தூரி கசக்காமல் எடுத்து முகத்தில் வைத்து மோந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். "காகிதத்துல இன்னாடி வாசன?" என்று கேலி பண்ணினேன். தட்டினால் தர்பூசணி பதில் சொல்லும் எனக்கு, எதிரில் நின்றவள் சொல்லாதது கேட்கவில்லை.

அந்தக் கிண்ணத்தை நானே தின்று தீர்த்தேன். கூழ் நன்றாகத்தான் இருந்தது. கூடையை வாசலிலிருந்து உள்ளே தூக்கி வந்தேன். முதல் ரகம் இன்னும் கல்லாக இருந்தது. பேரிக்காய் மரத்தில் பழுத்தால் மாவாகிப் போகும், பறித்துத்தான் பழுக்க வைக்க வேண்டும். காகிதப் பையில் போட்டு, கூடவே இரண்டு வாழைப்பழத்தை வைத்து மூடினேன். செவ்வாய் முழுக்க மணிக்கு ஒரு தரம் கழுத்தை அழுத்திப் பார்த்தேன். இறங்கவில்லை. வெள்ளிக்கிழமையோ ஓடி வருகிறது. கஸ்தூரி செவ்வாய்க்கிழமையும் இரண்டு வாய் தயிருக்கு மேல் எதையும் வாங்கவில்லை. புதன் காலை விரல் இறங்கியது. அதில் நல்லதிலும் நல்லதாக ஒன்றை எடுத்து அவள் இடது கையில் வைத்தேன். தின்னக் கொடுக்க முடியாது, அடைத்துவிடும். மற்றதை நான் கூழாகக் காய்ச்சி முடிக்கிற வரைக்கும் அவள் அதை மடியில் வைத்து, விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் ஸ்பூனை வாயில் வைத்தபோது நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது, இறங்கியது. இரண்டாவது. மூன்றாவது. புரையேறவில்லை. கிண்ணம் காலியானதும் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அடேயப்பா, அந்தப் பார்வை! நாற்பது வருசக் குடித்தனத்தில் அவள் என்னிடம் "இன்னும்" என்று கேட்டது அப்போதுதான். வியாழனும் அப்படியே. நடுவில் வனிதா கொஞ்சம் கெட்டித் தயிரை அதில் கலந்துவிட்டாள், அதையும் வாங்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை எடை இறங்கவில்லை, துளி ஏறியிருந்தது. டாக்டர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, குழாய் இப்போதைக்கு வேண்டாம், இப்படியே போங்கள் என்றார். கஸ்தூரி அங்கேயே என் கையைத் தட்டினாள். வீட்டுக்குப் போகலாம், பசிக்கிறது என்று அர்த்தம்.

சனிக்கிழமை மத்தியானம் அவளுக்கு ஊட்டிக்கொண்டே தாம்பரம் கடைக்கு வீடியோ கால் போட்டேன். இங்கே பன்னிரண்டு, அங்கே மூன்றரை. ஏழுமலை அந்த நேரத்துக்குத்தான் சாப்பிட உட்காருவான். அவன் சம்சாரம் கோமதி டிபன் கேரியரோடு வந்து, அவன் சாப்பிடுகிற வரைக்கும் வியாபாரம் பார்ப்பாள். பின்னால் பஸ் ஹாரன், "ஆப்பிள் எவ்வளவு?" என்று எவனோ கேட்கிறான். அதைக் கேட்டதும் என் நெஞ்சு கடையில் போய் நின்றுகொண்டது.

"ஏழுமல, பேரிக்கா வந்துகீதா?"

"பொட்டி பிரிச்சி அடுக்கிட்டண்ணா. சரக்கு சும்மா கண்ணாடி கணக்கா கீது!"

"முதல் ரகத்துல ஆறு எடு. வூட்டுக்கு எடுத்துனு போ."

"எந்த வூட்டுக்கு? உன் வூடுதான் பூட்டிக் கீதேண்ணா."

"உன் வூட்டுக்குடா. கோமதிக்கு."

அவன் வாய் நிறையச் சோற்றோடு சிரித்தான். "அதுக்கா? அது பழமே துன்னாதுண்ணா. புடிக்காது அதுக்கு. பழக்கடைக்காரன் பொண்டாட்டின்னு பேரு, எவ்ளோ லாபம் பாரு!"

என் வார்த்தை, என் குரல், என் சிரிப்பு, எல்லாம் அங்கே கடையிலேயே உட்கார்ந்து வியாபாரம் பண்ணிக்கொண்டிருக்கிறது. "சிரிக்காதடா!" என்று கத்தினேன். ஏழுமலை கையிலிருந்த உருண்டை கையிலேயே நின்றது. கஸ்தூரி இடது கையை நீட்டி போனைத் தன் பக்கம் திருப்பச் சொன்னாள். திருப்பினேன். கோமதி எட்டிப் பார்த்து, "அக்கா! எப்டிக்கா கீற?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏழுமலை என்ன நினைத்தானோ, எழுந்து கையைக் கழுவித் துடைத்துவிட்டு, அடுக்கின் உச்சியிலிருந்து ஒரு பேரிக்காயை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் வெட்கப்பட்டு வாங்கி, முந்தானையில் துடைத்து, "பசங்க டியூசன் வுட்டு வரட்டும்" என்று முடிந்துகொள்ளப் போனாள்.

"துன்னுடி!" என்றாள் கஸ்தூரி.

தெளிவாக, கோணாமல், பீர்க்கன்கரணைத் தெருவுக்கே கேட்கிற பழைய குரலில். கோமதி கையில் பழத்தோடு அப்படியே நின்றாள். கடிக்கவும் இல்லை, முடிந்துகொள்ளவும் இல்லை. ஏழுமலை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எவனோ வாடிக்கைக்காரன் "அண்ணா, எடை போடு" என்று அவசரப்படுத்தினான். "நான் வரேன், இரு" என்று நான் இங்கிருந்து அவனுக்குப் பதில் சொல்லிவிட்டேன்! இந்தப் பக்கம் கஸ்தூரி அடுத்த வாய்க்கு வாயைத் திறந்து காத்திருந்தாள். வலது கையில் ஸ்பூன், இடது கையில் தாம்பரம். அடுப்பில் அடுத்த ஈடு கூழ் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. எந்தக் கையை விடுவது என்று தெரியாமல் நடுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன்.